அட்டையில் இருந்த வார்த்தை

சுனில் ஐந்தரைக்கு எழுந்தான். வாசல் கொக்கியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். கீழே இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மோட்டாரைப் போட்டான். போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். மொட்டைமாடித் தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். அதுவரை பல் தேய்க்க மாட்டான், ஃபோனைப் பார்க்க மாட்டான். மேலே தண்ணீர் வழிந்து சுவரில் விழும் சத்தம் கேட்டதும் அணைப்பான். தானாக நிற்கிற சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. அவன் வாங்கவில்லை. கீழ் வீட்டு அம்மா ஆரம்பத்தில் தெலுங்கில் கேலி செய்தாள், மோட்டாரை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானா என்று. இப்போது கேட்பதில்லை.

பிறகு பால். பிறகு உப்புமா. பிறகு குளியல். வேலை நாளாக இருந்தால் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு குஷாய்குடா போவான். அங்கே பெரிய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் அவனுக்குச் சோதனைப் பிரிவு. நாள் முழுவதும் லென்ஸ் வழியாக போர்டில் ஈயம் பற்றவைத்த இடங்களைப் பார்க்க வேண்டும். பழுது இல்லை என்று உறுதியாகும்வரை எதையும் நல்லது என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் வேலை.

அன்று ஞாயிறு. மோட்டாரை அணைத்த பிறகு ஃபோனைப் பார்த்தான். ஜெஸ்ஸி அனுப்பியிருந்தாள். "பாவா, நாளைக்கு சாயந்திரம் ஃபைவ் வரைக்கும்தான் டைம். மம்மி சைன் பண்ணல. வாங்க."

ஜெஸ்ஸி அவன் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை. இருபத்தொரு வயது. அக்கா புருஷனைத் தெலுங்குக் கணக்கில் பாவா என்றுதான் கூப்பிடுவாள், பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஸ்டெல்லா இறந்து ஒரு வருஷம் பத்து மாதம் ஆகிறது. டெங்கு. மூன்று நாள் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

ஜெஸ்ஸி அரசு மகளிர் கல்லூரியில் புள்ளியியல் படித்து முடித்திருந்தாள். இப்போது கையில் இரண்டு தாள். ஒன்று கச்சிபௌலியில் ஒரு கம்பெனி கொடுத்த வேலை உத்தரவு. இன்னொன்று அதே கச்சிபௌலிப் பக்கம் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம். ஹாஸ்டல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இடம் கிடைத்து பன்னிரண்டு நாளாகிறது. படிவம் அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு குக்கர் மூடிக்கு அடியில் கிடந்தது.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சர்ச்சுக்குப் போய் வந்த உடுப்பை மாற்றிவிட்டு மாமனார் குணசேகரன் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் கமலா அடுப்படியில் கறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இஞ்சி வாசனையும் ஈரச் சுவர் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"வாங்க மாப்ளே" என்றார் குணசேகரன். "குந்துங்க."

சுனில் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போதும் அதில்தான் உட்காருவான். அதில் உட்கார்ந்தால் சுவருக்கு முதுகு காட்டலாம். சுவரில் ஸ்டெல்லாவின் நினைவு அட்டை கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. போன செப்டம்பரில் முதல் வருஷ நினைவுக் கூட்டத்துக்கு முந்நூறு அட்டை அடித்தார்கள். மேலே படம், கீழே பிறப்பு, இறப்பு. அதற்கும் கீழே, பாஸ்டர் யோசனைப்படி, சாய்ந்த எழுத்தில்: அவள் கடைசியாகச் சொன்னது, "ஜெஸ்ஸியைப் பார்த்துக்கோ."

அவள் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது சுனில் ஒருவன்தான். அவன் சொல்லித்தான் அச்சடித்தார்கள்.

குணசேகரன் எழுந்து போய் குக்கர் மூடியைத் தூக்கி, தாள்களை எடுத்து வந்தார். கட்டண விவரத்தைப் பூண்டுத் தோல் ஒட்டிய விரலால் தட்டினார்.

"இது இன்னா மாப்ளே? ஒரு செமஸ்டருக்கு இவ்ளோதானா? முனைக் கான்வென்ட்ல எல்.கே.ஜி. புள்ளைக்கு இதவிட ஜாஸ்தி வாங்குறான். எங்கியோ இடிக்குது."

"கவர்மென்ட் யூனிவர்சிட்டி மாமா. அப்படித்தான் இருக்கும்."

"நானும் கவர்மென்ட்தான். முப்பத்தாறு வருஷமா சக்கரம் தட்டிக்கினு கீறேன். கவர்மென்ட்ல சல்லிசா குடுக்கறது இன்னான்னு எனக்குத் தெரியாதா? ஸ்க்ராப். அதைத்தான் சல்லிசா குடுப்பான்."

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சக்கரப் பிரிவு. கழற்றி வைத்த சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல சக்கரம் என்றால் சத்தம் நீளமாக இழுக்கும். விரிசல் இருந்தால் சட்டென்று செத்துவிடும். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் நல்லது என்று சொன்ன சக்கரத்தையும் அவர் ஒரு தட்டுத் தட்டாமல் அனுப்புவதில்லை. அந்தத் தாளையும் அப்படித்தான் பன்னிரண்டு நாளாகத் தட்டிக்கொண்டிருந்தார். மறைத்து எழுதிய கட்டணம் எதுவும் அதில் இல்லை. இல்லாததுதான் அவருக்குச் சந்தேகம்.

"ஸ்டெல்லா படிப்புக்குக் கொட்டுனேன். தனியார் காலேஜு. பேங்க்ல லோனு, உங்க அத்தை வளையலு. படிப்பு முடியறதுக்குள்ள கம்பெனிக்காரன் காலேஜுக்கே வந்து இட்டுக்கினு போனான். காசு குடுத்தா சட்டையப் புடிச்சு கேக்கலாம். சல்லிசா வாங்குனா யாரப் போய் கேப்பே?"

உள்ளறையிலிருந்து ஜெஸ்ஸி வந்தாள். துண்டால் தலையைச் சுற்றியிருந்தாள்.

"அக்கா அந்த லோனை ஏழு வருஷம் கட்டினா டாடி. அதையும் சேத்து சொல்லுங்க. ஒரு நல்ல செப்பல் வாங்கல, ஏழு வருஷம்."

"கட்டுனா. வேலை இருந்துச்சு, கட்டுனா."

"எனக்கும் வேலை வரும். ரெண்டு வருஷம் கழிச்சு வரும்."

கமலா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "வரும்னு எவனாவது எழுதிக் குடுப்பானாடி?"

"யார் மம்மி எழுதிக் குடுப்பாங்க? இந்தக் கம்பெனி மட்டும் எழுதிக் குடுத்திருக்கா? நாளைக்கே போன்னா போகணும். அந்த வேலை என்னன்னு தெரியுமா? எவனோ அமெரிக்காக்காரன் பாஸ்வேர்டு மறந்துடுவான். நான் நைட்டெல்லாம் உக்காந்து மாத்திக் குடுக்கணும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இதுக்கா படிச்சேன்?"

"சம்பளம் வருதில்ல?"

"வருது. ரெண்டு வருஷம் கழிச்சும் அதேதான் வரும். அங்க சேந்தவங்க பத்துப் பேரைக் கேட்டுட்டேன்."

"பத்துப் பேர கேட்டியா? யூனிவர்சிட்டில எத்தினி பேர கேட்டே?"

ஜெஸ்ஸி கொஞ்சம் தயங்கினாள். "நாலு."

"அவுங்க இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கு வேலை கிடைச்சிருச்சு. நல்ல வேலை. ஒருத்தி மேல படிக்கறா. ஒருத்தன் எக்ஸாம் எழுதிட்டே இருக்கான்."

"எத்தினி வருஷமா எழுதறான்?"

"மூணு."

"பாத்தீங்களா" என்றாள் கமலா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. கறியில் மஞ்சளைப் போட்டுப் பிசைந்தாள்.

அவள் பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரும் மார்ச்சில் குணசேகரனுக்கு ரிடையர்மென்ட். அதிலிருந்து நாலு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிறகு வாடகை வீடு. பென்ஷனில் வாடகை போனால் மிச்சத்தில் எத்தனை நாள் கறி பிசையலாம் என்று அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். ஜெஸ்ஸியின் சம்பளம்தான் அந்த வீடு.

சுனிலுக்கும் சந்தேகம் இருந்தது. இவர்கள் மகளுக்குப் பயப்படுகிறார்களா, மகளின் சம்பளத்துக்கா. அதைக் கேட்டுவிட்டால் பிறகு இந்த வீட்டுக்கு வர முடியாது. கேட்காமல் ஜன்னலில் மழையைப் பார்த்தான்.

அப்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஸ்ரீனிவாஸ் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குணசேகரனோடு சக்கரப் பிரிவில் இருந்தவர். ரிடையர் ஆகி மகன் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு கச்சிபௌலியில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறார். இருபத்தைந்து வருஷம் பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டே தமிழ் பேசுவார்.

"க்யா குணா பாய், முடிவு ஆச்சா?"

"எங்க ஆவுது."

ஜெஸ்ஸி அவருக்கு சாய் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு சுனிலைப் பார்த்தார்.

"புதன்கிழமை காலைல நம்ம சுனில் பாபு எங்க கம்பெனி கேட்டுல நின்னாரு. ஏழு மணிக்கு. ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வரேன், அப்பவும் நிக்கிறாரு. ஹாரன் அடிச்சேன். திரும்பல."

எல்லோரும் சுனிலைப் பார்த்தார்கள். ஜெஸ்ஸிக்கு வேலை கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

கமலா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "நீங்க எதுக்கு தம்பி அங்க போனீங்க?"

"பார்க்கத்தான் அத்தை."

"எத?"

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்களை."

ஸ்ரீனிவாஸ் சிரித்துவிட்டார். குணசேகரன் சிரிக்கவில்லை.

"போர்டை லென்ஸ்ல பார்த்தா மட்டும் போதாது" என்றான் சுனில். "கரண்ட் குடுத்து, அந்தப் பக்கம் என்ன வருதுன்னு பார்க்கணும். அதுக்குத்தான் நின்னேன். ஏழரைக்கு வெளிய வந்தாங்க. கேப்ல ஏறினாங்க. கதவு சாத்தறதுக்குள்ள தூங்கிட்டாங்க. எல்லாரும்."

"ஹவ், ஆமா, தூங்கும்" என்றார் ஸ்ரீனிவாஸ். "ஸ்பீட் பிரேக்கர்ல தலை கண்ணாடில முட்டும். டங்குன்னு. அப்பவும் எந்திரிக்காது. நான்தான் வீட்டு வாசல்ல எழுப்பணும். பாவம், பச்சப் புள்ளைங்க."

"அப்பறம் யூனிவர்சிட்டிக்குப் போனேன்" என்றான் சுனில். "கேட்டுல ஜெராக்ஸ் கடை. ஒரு பொண்ணு நின்னுச்சு. ஸ்ரீகாகுளம் பக்கத்து ஊராம். படிச்சு முடிச்சா வேலை வருமான்னு கேட்டேன். வரும், வராமலும் போகும்னு சொல்லுச்சு. நீங்க எந்தக் கம்பெனி அண்ணான்னு கேட்டுச்சு. சொன்னேன். அங்க ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுச்சு."

குணசேகரன் வாய்விட்டுச் சிரித்தார். "பாரு. யூனிவர்சிட்டிக்காரியே உங்ககிட்ட வேலை கேக்கறா."

"ஆனா அது தூங்கல மாமா."

கமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. எங்ககிட்ட சொல்லாம லீவு போட்டு போயிருக்கீங்க. இவள ஹாஸ்டலுக்கு அனுப்பறதுல உங்களுக்கு இன்னா இவ்ளோ அக்கறை?"

"நல்லதுன்னு பட்டுச்சு."

"யாருக்கு நல்லது? இவ இங்க இருந்தா நீங்க ஞாயித்துக்கெழம வரணும். அவ சொல்லிட்டுப் போனாளே, அதுக்காக வரணும். இவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா நீங்க எதுக்கு வரப்போறீங்க? உங்களுக்கும் முப்பத்திமூணு வயசு. உங்க வீட்ல பொண்ணு பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பாக்கல அத்தை."

"பாத்தா தப்புன்னு சொல்லல. எங்கள கைகழுவறதுக்கு யூனிவர்சிட்டின்னு பேர் வெக்காதீங்க."

ஸ்ரீனிவாஸ் கப்பைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். கடைசியா பார்த்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கா. அதுக்கு அர்த்தம் நாம ஒண்ணு நெனைக்கிறோம். அவ மனசுல வேற இருந்திருக்கலாம். வெளிய எங்கியும் போக வேணாம். சொந்தம் சொந்தமாவே இருக்கும்."

குணசேகரன் பூண்டைப் பார்த்தார். அவரும் இந்தக் கல்யாணத்தை யோசித்திருக்கிறார் என்று சுனிலுக்குத் தெரிந்தது. பேச்சை எடுக்கச் சொல்லி ஸ்ரீனிவாஸை அவரே அனுப்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் தனக்கு மட்டும் நல்லி எலும்பு விழுவது எதனால் என்றும் சட்டென்று புரிந்த மாதிரி இருந்தது. அதுவும் சந்தேகம்தான். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"அங்கிள்" என்றாள் ஜெஸ்ஸி. "சாய் ஆச்சா? கப்பைக் குடுங்க. மழை விட்டிருச்சு."

மழை விடவில்லை. ஸ்ரீனிவாஸ் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெஸ்ஸி கப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். சுவரிலிருந்து அட்டையைச் சட்டத்தோடு கழற்றினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு சுனிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பாவா. ஒரு டவுட். ரொம்ப நாளா."

"கேளு."

"நான் ஹாஸ்டலுக்குப் போகக் கூடாது, ஏன்னா அக்கா பார்த்துக்கோன்னு சொல்லியிருக்கா. நைட்டு கேப்ல போனா வாசல்ல இறக்கி விடுவான், பத்திரம், அக்கா பார்த்துக்கோன்னு சொல்லியிருக்கா. அங்கிள் இப்ப என்ன சொன்னாருன்னு கேட்டீங்க. அதுவும் அக்கா சொன்னதுதான். இந்த வீட்ல எது வேணும்னாலும் இந்த அட்டைல இருக்கு." அவள் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தாள். "அக்கா என்னை என்னிக்காவது ஜெஸ்ஸின்னு கூப்பிட்டிருக்காளா?"

சுனில் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"பில்லி. தெலுங்குல பூனை. பொறந்ததுல இருந்து பில்லிதான். ஸ்கூல்ல வந்து பில்லின்னு கத்துவா, எனக்கு மானம் போகும். உங்க கல்யாணப் பத்திரிகைல பில்லின்னு போடலன்னு டாடிகிட்ட சண்டை போட்டா. உங்ககிட்ட என்னைப் பத்திப் பேசறப்ப என்னன்னு சொல்லுவா?"

"பில்லின்னுதான்."

"அப்ப சாகறப்ப மட்டும் நான் எப்படி ஜெஸ்ஸி ஆனேன்?"

"ஏய்" என்றாள் கமலா. "அவரு உன் பேர மாத்தி எழுதச் சொல்லியிருப்பாரு. அட்டையில பூனைன்னா போடுவாங்க?"

"நான் அவரைக் கேக்கறேன் மம்மி."

குணசேகரன் உரித்த பூண்டைத் தட்டில் போட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். ஒர்க்‌ஷாப்பில் அவர் அப்படித்தான் நிற்பார் போல என்று சுனில் நினைத்தான்.

கமலா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, அவ சொன்னாளா இல்லியா? சொல்லிடுங்க. சொல்லலன்னா இப்பவே கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன். எனக்கு மட்டும் இவ படிக்கறது கசக்குதா? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்துக்கினு கீறேன். ஒருத்திய அனுப்பிட்டு ஒக்காந்திருக்கேன். இவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, சொல்லிட்டுப் போனாளே, காதுல வாங்கலியேன்னு ஆயிடும்."

அவன் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில்தான் அவள் அப்படிக் கேட்டாள் என்று அவனுக்குப் பட்டது. சொன்னால் இந்த ஜன்னலோர நாற்காலி போய்விடும். அவனுக்குப் போக வேறு வீடு இல்லை. வாரத்தில் ஆறு நாள் லென்ஸ், ஏழாம் நாள் இந்த நாற்காலி.

"சொல்லல" என்றான்.

கமலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்க என் சட்டையைப் பிடிச்சு, என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேட்டீங்க அத்தை. எதையாவது குடுக்கணும் போல இருந்துச்சு. ஜெஸ்ஸி உங்க பக்கத்துல நின்னுட்டிருந்தா. வாயில வந்துருச்சு. அப்புறம் பாஸ்டர் அட்டைக்குக் கேட்டார். மாத்திச் சொல்ல முடியல."

கமலா எழுந்தாள். அடுப்படிக்குப் போய் வெறும் சட்டி காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். கையை இரண்டு தடவை துடைத்தாள். படிவத்தை எடுத்து ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்து, மகளிடம் பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். "தேதி இன்னா?" என்று கேட்டாள். ஜெஸ்ஸி சொன்னாள். எழுதினாள்.

"வாடகைக்கு இன்னா பண்றது?" என்றார் குணசேகரன்.

"நீங்க பண்ணுங்க."

அவர் தலையாட்டினார். "ஹவ். ரெண்டு வருஷம்தான. தட்டிப் பாப்போம்."

ஜெஸ்ஸி படிவத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடிச் சட்டம் இன்னும் அவள் மடியிலேயே இருந்தது.

கமலா சுனில் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "அப்ப இன்னாதான் சொன்னா?"

"மம்மி, விடு."

"விடறதுக்கு இல்ல. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தைய வெச்சிக்கினு இருந்தேன். இப்ப அது இல்லன்றாரு. இருந்தது எது? எனக்கு அது வேணும்."

சுனில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். நின்றுகொண்டு சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"காலைல மோட்டார் போடப் போனவ அங்கயே விழுந்துட்டா. நான் அப்படியே தூக்கி ஆட்டோவுல போட்டுட்டு வந்துட்டேன். கேஷுவாலிட்டில ட்ரிப் ஏத்தினதும் கண்ணைத் தொறந்தா. நல்லாத்தான் பேசினா. கீழ் வீட்டம்மா நம்பர் என்கிட்ட இல்ல, அவ ஃபோன்ல இருந்துச்சு, ஃபோன் வீட்ல. நான் போனேன். போயிட்டு வர நாப்பது நிமிஷம். திரும்பி வந்தப்ப வாயில குழாய் போட்டுட்டாங்க. அதுக்கப்பறம் அவ பேசல."

"இன்னா சொன்னா?"

அவன் ஜெஸ்ஸியின் மடியில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு ஸ்டெல்லா சொன்னபடியே சொன்னான்.

"மோட்டார் ஓடிட்டே இருக்கு. போய் ஆஃப் பண்ணிட்டு வா, கீழ் வீட்டு ஆண்ட்டி கத்தும்."